அம்மம்மா வீட்டுக்கு நாயையும் கூட்டி வரலாமா?

பாரிஸ் புறநகரில் இருக்கும் உங்கள் குடும்பம் ஆடி நடுப்பகுதியில் நாலு கிழமைக்கு வட்டக்கச்சி அம்மம்மா வீட்டுக்கு வருகிறது. நாலு வயது லப்ரடோர், முப்பது கிலோ, இதுவரை பிரான்சை விட்டு வெளியே போனதில்லை. பத்து வயது மகள் அதை விட்டுவிட்டு வரவே மாட்டேன் என்கிறாள். "இலங்கைக்குள் நாயை விடுவார்களா, என்ன பேப்பர் வேணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் என்றால் சில வரிகளில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது: நாயை இங்கே உள்ளே விடுவார்களா, திரும்பிப் போகும்போது பிரான்சுக்குள் விடுவார்களா, இடையில் உள்ள நாலு கிழமையும் அது வன்னியில் சுகமாக இருக்குமா. முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெடுங்காலம் கால்நடை வைத்தியராக இருந்தவன் என்ற வகையில் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

உள்ளே வருவதை முதலில் சொல்லி முடிக்கிறேன். இலங்கைக்கு நாயைக் கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு கேட்டு வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. என்ன ஊசி, எத்தனை நாளுக்குள் என்ற நிபந்தனைகள் அந்தப் பத்திரத்திலேயே இருக்கும். அதை உங்கள் பிரெஞ்சு வைத்தியர் முன்னால் வைத்து வரிவரியாகப் பார்த்துச் செய்யுங்கள். ஊர்ச் சொந்தக்காரர் சொல்வதையோ, போன வருடம் யாரோ கொண்டுவந்த கதையையோ நம்பிச் செய்ய வேண்டாம். வைத்தியர் நிரப்பும் சுகாதாரச் சான்றிதழில் உங்கள் மாவட்ட டிடிபிபி (DDPP, விலங்குச் சுகாதாரத்தையும் பார்க்கும் அரச அலுவலகம்) கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். அதற்கு நேரம் எடுத்துப் போக வேண்டியிருக்கும், கோடை விடுமுறைக்கு முன் அங்கே நெரிசல். கட்டுநாயக்கவில் விலங்குத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் பேப்பரையும் நாயையும் பார்த்து விடுவார்கள். பேப்பர் சரியாக இருந்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில், விசர்நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாக ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1973இல் இந்த நாட்டில் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடும் வேலையால் அந்த எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டது, ஆனாலும் நோய் இன்னும் எங்கள் தெருக்களில் இருக்கிறது. ஆகவே இலங்கையில் நின்றுவிட்டுத் திரும்பும் நாய்க்கு ஊசி போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறது என்று காட்ட இரத்தப் பரிசோதனையும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்துத்தான் இரத்தம் எடுக்கலாம். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்தில்தான் பார்க்க வேண்டும். பிரான்சில் நான்சி நகரில் அப்படி ஒன்று இருக்கிறது.

உங்கள் முழுப் பயணமும் ஒரு விடயத்தில் தங்கியிருக்கிறது. இந்த இரத்தத்தை ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் முன் எடுத்து, முடிவு நன்றாக வந்து, வைத்தியர் அதை நாயின் கடவுச்சீட்டில் பதிந்துவிட்டால், நீங்கள் எந்த நாளும் திரும்பலாம், காத்திருப்பு கிடையாது. அதை விட்டுவிட்டு இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் நாய் பிரான்சுக்குள் நுழைய முடியாது. அதே நாய், அதே ஊசி, அதே இரத்தம்தான், எடுத்த இடம் மட்டும் வேறு. நாலு கிழமை விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்பது இதனால்தான். எங்களால் அப்போது செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பேப்பர் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பவோ உங்கள் செலவில் தனிமைப்படுத்தவோ அங்கே அதிகாரம் உண்டு. வேறு வழி இல்லை என்றால் கருணைக்கொலைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒழுங்கும் முக்கியம். மைக்ரோசிப் முதலில், விசர் ஊசி பிறகு, இரத்தம் அதற்குப் பிறகு. சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. உங்கள் நாய்க்கு நாலு வயது, பிரான்சில் பிறந்தது, போன ஐப்பசியில் ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிப் குட்டியிலேயே வைத்திருப்பார்கள், ஆனாலும் கடவுச்சீட்டில் இரண்டு திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் இந்தக் கிழமையே இரத்தம் எடுக்கலாம். ஒரு தடவை தேறினால், அதன் பிறகு வரும் விசர் ஊசிகளை ஒரு நாள்கூடப் பிந்தாமல் போட்டுக்கொண்டு வரும்வரை அந்த முடிவு நாயின் ஆயுளுக்கும் செல்லும். ஒரு ஊசி பிந்தினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. ஐப்பசியில் போட்டது எதுவரை செல்லும் என்று கடவுச்சீட்டில் எழுதியிருக்கும், திரும்பும் நாள் அதற்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு நாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சுவிஸ் விதிகள் அநேகமாக இதே மாதிரித்தான், ஆனால் இலங்கை போன்ற நாட்டிலிருந்து நேரே விமானத்தில் இறங்குவதற்கு அங்கே முன் அனுமதியும் எடுக்க வேண்டும். பிரித்தானியாவுக்குத் திரும்புபவர்கள் இரத்தப் பரிசோதனையோடு, இறங்குவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் வைத்தியர் கையால் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவர்கள் நாயைக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். இலங்கையிலிருந்து நேரடியாக அந்த நாட்டுக்குள் நாயை விடமாட்டார்கள்.

விமானம் பற்றி. முப்பது கிலோ நாய் உங்களோடு மேலே இருக்க முடியாது, கீழே சரக்கறையில்தான். காற்றழுத்தமும் சூடும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி அது, ஆகவே பறக்கும் நேரத்தைவிட எனக்குப் பயம் தரையில் நிற்கும் நேரத்தில். வளைகுடாவில் விமானம் மாறி வருகிறீர்கள் என்றால் ஆடி ஆவணி வெயிலில் அங்கே ஓடுபாதைப் பக்கம் கூடு காத்திருக்கும். கடும் வெயில் மாதங்களில் சில நிறுவனங்கள் நாய்களை ஏற்றுவதையே நிறுத்திவிடுவதும் இதனால்தான். மனிதருக்கான டிக்கெட்டை எடுக்கும் முன் நாய்க்கு இடம் உறுதியாகியிருக்க வேண்டும், போகவும் வரவும் இரண்டுக்கும், எழுத்தில். கூட்டுக்குள் நாய் தலை நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். தூங்க மருந்து கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்த நாய்க்கு இரத்த அழுத்தம் இறங்கும், மூச்சும் தன் உடம்புச் சூடும் கட்டுப்பாட்டில் இருக்காது, கீழே அதைப் பார்க்க யாரும் இல்லை. புல்டோக், பக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்களிடம் நான் நேராகச் சொல்வேன்: ஏற்றாதீர்கள்.

இப்போது மூன்றாவது. ஆடி ஆவணியில் வன்னி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மகளுக்கும் நாய்க்கும் தெரியாது. கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும், பகலில் 33, 34 பாகை, மழை இல்லை, கிறவல் ரோட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது. லப்ரடோருக்கு இரட்டை மயிர்ப் படை. அது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், காற்றே சூடாக இருந்தால் அந்த வழி சரிவர வேலை செய்யாது. காலை ஆறரைக்குள் நடத்தி முடித்துவிட வேண்டும், மறுபடி பொழுதுபட்ட பிறகுதான். மூச்சு சத்தமாகி, முரசு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, விசிறி பிடித்தபடியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கட்டுநாயக்கவிலிருந்து வட்டக்கச்சி 300 கிலோமீற்றருக்கு மேல். வானை இரவில் ஓடச் சொல்லுங்கள், குளிரூட்டி வேலை செய்கிறதா என்று முதலே கேளுங்கள்.

வெக்கையைக் கண்ணால் காணலாம். எனக்கு அதைவிடக் கவலை உண்ணி. எங்கள் வளவுகளில் மாடும் ஆடும் நாயும் ஒன்றாக நடமாடுகின்றன, வேலியடியிலும் புல்லிலும் சுவர் வெடிப்பிலும் உண்ணி இருக்கும். ஊர் நாய்கள் குட்டியிலிருந்தே அதோடு வாழ்ந்து, தாங்காதவை செத்து, தாங்கியவை மிஞ்சியிருக்கின்றன. உங்கள் நாய்க்கு அந்த அனுபவம் கிடையாது. உண்ணியால் வரும் இரண்டு நோய் பற்றி நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று ஏர்லிக்கியா: காய்ச்சல், சோர்வு, சிலவேளை மூக்கால் இரத்தம். மற்றது பாபீசியா, இது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும், முரசு வெளிறும், சிறுநீர் கடும் நிறமாகும். பிரான்சில் பிரோபிளாஸ்மோஸுக்கு (பாபீசியா நோயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தடுப்பூசி போட்டிருக்கிறோம், ஆகவே பயமில்லை என்று நினைக்கக்கூடும். அந்த ஊசி பாபீசியா கானிஸ் என்ற வகைக்கு எதிரானது. இலங்கை நாய்களில் நாங்கள் காண்பது பெரும்பாலும் பாபீசியா கிப்சோனி. அது வேறு வகை, அந்த ஊசிக்கு அடங்காது, வழமையான மருந்துக்கும் முழுதாக அடங்காது. குணமான மாதிரித் தெரிந்து மாதங்கள் கழித்துத் திரும்பிவரும்.

ஆகவே உண்ணி மாத்திரையை இங்கே வந்து தேடாதீர்கள். புளுராலானர், அபொக்சோலானர் வகை மாத்திரைகள் பிரான்சில் வைத்தியர் எழுதிக் கொடுப்பார். கிளம்பும் முன்பே கொடுத்து, இங்கே நிற்கும் காலம் முழுவதும் அதன் பலம் இருக்கும்படி கணக்குப் பாருங்கள். வலிப்பு வந்த வரலாறு நாய்க்கு இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுத்தாலும் உண்ணி கடிக்கத்தான் செய்யும், கடித்த பிறகுதான் சாகும். அதனால் தினமும் பொழுதுபட காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில், கழுத்துப் பட்டிக்குக் கீழே கையால் தடவிப் பார்க்க வேண்டும். இதை மகளின் வேலையாகக் கொடுங்கள், பத்து வயதுப் பிள்ளை கவனமாகச் செய்வாள். எடுக்கும் உண்ணியை விரலால் நசுக்க விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயல் வாய்க்காலில் நாயை இறக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அங்கே உண்டு, தடுப்பூசி போட்டிருந்தாலும் எல்லா வகையையும் அது தடுக்காது. லப்ரடோர் தண்ணீரைக் கண்டால் பாயும், இரணைமடு மாதிரிக் குளங்களில் முதலை இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு புடையனும் நாகமும் முற்றத்துக்கு வரும். மனிதருக்கான விசமுறி ஆஸ்பத்திரியில் இருக்கும், நாய்க்கு அதே வேகத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் நாயை அவிழ்த்து விடவே கூடாது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து 15 ஆண்டுக்குப் பிறகும் அகற்றும் வேலை நடந்தது. நாய் ஓடினால் பின்னால் பிள்ளை ஓடும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் என்றால் வீட்டில் யாராவது பனடோல் கொடுப்போம் என்பார்கள். கொடுக்க விடாதீர்கள், ஐபுபுரோபன் அதைவிட ஆபத்து.

கட்டாக்காலி நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருநாய்கள் கெட்டவை அல்ல, ஆனால் அவற்றுக்கு எல்லை உண்டு. புதிதாக ஒரு நாய் ஒழுங்கையில் வந்தால் நாலைந்து சேர்ந்து வரும். உங்கள் நாயோ எல்லா நாயும் விளையாட வருகிறது என்று நினைத்து வாலாட்டிக்கொண்டு போகும். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஊசி நடப்பில் இருந்தாலும் மேலதிக விசர் ஊசிக்கு அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுவாருங்கள். பிரித்துவிடப் போன மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது: இணைசேர்வதால் தொற்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி இங்கே தெருநாய்களில் சாதாரணம்.

சிகிச்சை வசதி பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கே அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நம்பி வாழும் மக்களுக்காக அமைந்தவை. நாயையும் பார்ப்போம், மனம்வைத்துப் பார்ப்போம். ஆனால் நாய்க்கு நள்ளிரவில் இரத்தம் ஏற்ற வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றால் பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டும். அந்தத் தூரத்தில் சில நாய்கள் தப்பாது.

இதுவரை சொன்ன விதிகளும் நோய்களும் நிச்சயமானவை. நாயின் மனம் எப்படித் தாங்கும் என்பது அப்படியல்ல. எந்த வைத்தியரும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில நாய்கள் கூட்டிலிருந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் சோறு தின்னும், சில ஒரு கிழமை தின்னாது. ஓரளவு ஊகிக்க வழி உண்டு. இப்போதே கூட்டை வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள், அதற்குள் சாப்பாடு வையுங்கள், சித்திரைக்குள் கதவைப் பூட்டியும் ஓர் இரவு அமைதியாகத் தூங்குகிறதா பாருங்கள். அதோடு நீங்கள் இங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா, ஆவணி 15 மடுப் பெருவிழா, சொந்தக்காரர் வீடுகள். நாய் கோயிலுக்கு வராது. முன்பின் தெரியாத வளவில், தன் மொழி தெரியாத ஆட்களோடு, வெடிச் சத்தத்துக்கு நடுவே, கட்டிப்போட்டபடி பகல் முழுக்கக் கிடக்கும். அம்மம்மாவுக்கு அது முப்பது கிலோ எடையுள்ள, பாய்ந்து வரவேற்கும் மிருகம். அவ வயதில் ஒருக்கால் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள்தான் எண்ண வேண்டும்.

என் அபிப்பிராயம் இது: இந்த முறை நாயை விட்டுவிட்டு வாருங்கள். நாலு கிழமைக்காக இரண்டு நெடும் பறப்பு, கடும் கோடை, உண்ணி என்பது அதற்கு அதிகம். அதற்குத் தெரிந்த ஆள், தெரிந்த வீடு, தெரிந்த நடைபாதை கிடைத்தால் நாலு கிழமை பிரிவை அது தாங்கும். மகளிடம், நாய் வர முடியாது என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்பதையும் சொல்லுங்கள், வெக்கையும் உண்ணியும் பத்து வயதுக்கு விளங்கும். யாராவது மூன்று நாலு மாதம் அம்மம்மாவோடு வந்து நிற்கப் போகிறார்கள், அதுவும் மாரி மழை ஓய்ந்து தை மாசியில் வருகிறார்கள் என்றால் என் பதில் வேறாக இருக்கும், அப்போது கூட்டி வருவதில் நியாயம் உண்டு. அதனால் இப்போது வராவிட்டாலும் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்து கடவுச்சீட்டில் பதிந்து வைத்துவிடுங்கள். ஊருக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்து, நாயைப் பார்க்க ஆள் இல்லாத நாள் வந்தால் வழி திறந்திருக்கும்.

யோசித்துப் பார்த்துக் கூட்டித்தான் வருகிறீர்கள் என்றால், இங்கிருந்து கிளம்பும் முன் தடுப்புக்காப்பு அலுவலகத்தில் சுகாதாரச் சான்றிதழ் எடுக்க நாள் ஒதுக்குங்கள், அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பாரிஸில் சார்ல் து கோலில் இறங்கியதும் நாயைச் சுங்கத்தில் காட்டி, பரிசோதனை முடிவு பதிந்த கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போன கிழமையே பூச்சி மருந்து கொடுங்கள், எங்கள் மண்ணில் கொக்கிப் புழு உண்டு, அதில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றும். பிறகு எப்போதாவது, அடுத்த வருடமே ஆனாலும், நாய்க்குக் காரணம் தெரியாத காய்ச்சலோ சோர்வோ முரசு வெளிறலோ வந்தால், உங்கள் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக அது இலங்கையில் நின்றது என்று சொல்லுங்கள். ஏர்லிக்கியாவுக்கும் பாபீசியா கிப்சோனிக்கும் பிசிஆர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரான்சில் இருக்கும் வைத்தியருக்கு, நீங்கள் சொல்லாவிட்டால் கிப்சோனியின் நினைவு வராது.